படி நிறையும் வரை

காத்தாயி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். காயின் முதுகில் நகத்தை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் அது வாயைத் திறந்துவிடும். கட்டைவிரலால் ஒரு வழி வழித்தால் பருப்பு முறத்தில் விழும், தோல் மடியில் விழும். தை மாசத்து மொச்சை, பனியில் விளைந்தது. அதன் வாசம் விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மனசு மட்டும் குளத்தங்கரைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதை வழியாகத்தான் வீராயி வருவாள். வந்தால் செங்கமலத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

வீராயி, காத்தாயியின் புருஷனுக்கு அக்கா; இவளுக்கு அண்ணி முறை. வாத்து மேய்க்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அறுவடை முடிந்த வயலில் வாத்தை இறக்கி, ஊர் ஊராக மேய்த்துக்கொண்டே போவார்கள். போனால் அடுத்த மழைக்குத்தான் திரும்பி வருவார்கள். வாத்துக்கு முன்னால் நடக்க ஒரு சின்னக் கால் வேண்டும் என்று வீராயி போன வருஷமே கேட்டாள். அப்போது பிள்ளைக்கு நாலு வயசுகூட ஆகவில்லை என்று தள்ளிப் போட்டாயிற்று. இந்த வருஷம் தள்ளிப் போட ஒன்றும் இல்லை.

ஒன்றே ஒன்று இருந்தது. பிள்ளைக்குப் படிப்பு வரும் என்று குருவம்மா ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுகிறேன் என்று வீராயியே சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்தாயி காலையிலிருந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள்.

குருவம்மா என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். காத்தாயியைவிட இரண்டு வயதாவது சின்னவள். ஒரு மழைக்காலத்தில் தோளில் ஒரு பையோடு வந்து இந்தக் குளக்கரை மண்டபத்தில் ஒதுங்கினாள். மழை விட்டது, அவள் போகவில்லை. சுற்றி விளையாடிய பிள்ளைகள் அவளிடம் ஒட்டிக்கொண்டன. பலகை இல்லை, பிரம்பு இல்லை. கல்லையும் இலையையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் கிடப்பாள். பெரிய வீட்டுக்காரர் ஒருநாள் அவளோடு பேசிவிட்டு, வெளியே வந்து செருப்பைப் போட மறந்து வெறுங்காலோடு வீடு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் ஊர் அவளைக் குருவம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. அவள் மட்டும் தன்னைவிட மூத்தவர்களை அக்கா, அண்ணன் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

காத்தாயி அங்கே பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச வந்தவள். அடுப்படியில் இருந்தபடியே காதைக் கொடுத்துக் கொடுத்து, ஒருநாள் குருவம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்றாள். அன்றைக்கு அவள் பேசியதுதான் பேச்சு. மற்றபடி நாலு பேர் இருக்கும் இடத்தில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

நேற்று நடந்தது இதுதான். வீராயி மண்டபத்துக்கு வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் புளியங்கொட்டை கொஞ்சம் தரையில் போட்டு, எண்ணுடி என்றாள். செங்கமலம் முதல் கொட்டையைத் தொட்டு, லாபம் என்றாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நெல் அளக்கிறபோது முதல் படியை யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் சொல்வார்கள். காத்தாயி பெரிய வீட்டு நெல் அறையில் அளக்கிறவள். அம்மா கூடவே கிடந்த பிள்ளை வேறு என்ன சொல்லும்.

சிரிப்புக்குப் பயந்தோ என்னவோ, அதற்கு மேல் செங்கமலத்தின் குரல் உள்ளே போய்விட்டது. சிரிப்பு வந்த சொல்லை விட்டுவிட்டு, அடுத்த கொட்டையைத் தொட்டு ரெண்டு என்றாள். அதற்கடுத்ததையும் தொட்டு ரெண்டு என்றாள். விரல் எல்லாக் கொட்டையையும் தாண்டித் தரைக்கே போய்விட்டது. வாய் மட்டும் ரெண்டு, ரெண்டு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

வீராயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். ரெண்டைத் தாண்டி உன் மகள் வரமாட்டாள் போலிருக்கே காத்தாயி என்றாள். பரவாயில்லை, வாத்துக்கும் ரெண்டு கால்தான் என்றாள். பெற்றதே ஒத்தைப் பிள்ளை, அதையும் பார்த்துப் பெற்றிருக்கக் கூடாதா என்று போகிறபோது ஒரு சொல் போட்டுவிட்டுப் போனாள். கெட்ட மனசுக்காரி இல்லை. வாய்தான் அப்படி.

குருவம்மா நேற்று பிள்ளையின் விரல் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாளைக்கு மொச்சை உரிக்க வாங்கக்கா என்றாள். அவ்வளவுதான்.

இப்போது அவளும் எதிரே உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். செங்கமலம் தூணுக்குப் பின்னால் இருந்தாள். அவள் பாவாடை நுனி மட்டும் தெரிந்தது. நேற்றிலிருந்து பிள்ளை வாயே திறக்கவில்லை.

காத்தாயி தலையை நிமிர்த்தாமல், மொச்சையைப் பார்த்துக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எண்ண வராத புள்ளைக்குப் படிப்பு வருங்களா, குருவம்மா?"

குருவம்மா குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து நீட்டினாள்.

"பிரிக்காதீங்க. உள்ளே எத்தனை?"

"நாலு."

குருவம்மா பிரித்தாள். நாலு இருந்தது. இன்னொன்றை எடுத்துக் கண்ணுக்கு நேரே ஒரு வீச்சு வீசி, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இது?"

"மூணு."

மூன்றுதான்.

"எண்ணினீங்களா?"

காத்தாயி யோசித்தாள். "இல்லீங்க."

"எண்ணாம எப்படித் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது."

"அதான் கேட்கறேன்க்கா. எப்படி?"

காத்தாயி கையில் இருந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறந்த நாளிலிருந்து மொச்சை உரிக்கிறாள். காயின் மேட்டைப் பார்த்ததும் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். எப்படித் தெரிகிறது என்று ஒருநாள்கூட அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிற விருந்தாளி மாதிரி, அந்த மூன்று அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

குருவம்மா பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு தட்டைப்பயற்றங்காயை எடுத்தாள். ஒரு சாண் நீளம், குச்சி மாதிரி. பிரித்துக் காட்டினாள். பயறு வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"இது?"

காத்தாயி பார்த்தாள். கண் முதலிலிருந்து ஓடியது. நடுவில் எங்கோ வழுக்கி, திரும்ப முதலுக்கே வந்தது.

"எண்ணணுங்க."

"மொச்சையை எண்ணலையே."

"இது தெரியலீங்க. நிறைய இருக்கு."

குருவம்மா காயை ஒடித்தாள். ஒரு துண்டை வலது கையிலும் ஒரு துண்டை இடது கையிலும் பிடித்தாள். மீதியை மடியில் போட்டுக்கொண்டாள்.

"இப்போ?"

"இது நாலு. அது மூணு." சொன்ன பிறகுதான் தான் சொன்னது காத்தாயிக்கே கேட்டது. முழுக் காயில் கண்ணை மறைத்தது எதுவோ, ஒடித்ததும் விலகிவிட்டது.

"நாலு வரைக்கும் கண்ணே பார்த்துடுது. அதுக்கு மேலே போனா உடைச்சுக் கொடுக்க வேண்டியிருக்கு" என்றாள் குருவம்மா.

காத்தாயி அந்தத் துண்டுகளை வாங்கிச் சேர்த்துப் பார்த்தாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எனக்கு நாலோட நின்னுபோகுது. குருவம்மாவுக்கு எது வரைக்கும் தெரியும்?"

"எனக்கும் நாலுதான்க்கா."

"உங்களுக்குமா?"

"பால் குடிக்கிற புள்ளைக்கு ஒண்ணு குறைவா இருக்கலாம். நாட்டை ஆள்றவனுக்கும் ஒண்ணு ரெண்டுதான் கூட. எல்லாரும் அந்தக் கரையிலே நின்னுதான் கடலைப் பார்க்கறோம்."

காத்தாயிக்குக் கை ஓடவில்லை. முறத்தில் கிடந்த மொச்சையைப் பார்த்தாள். இந்தக் குருவம்மா வானத்தில் இருக்கிற நட்சத்திரத்தை எல்லாம் பார்த்ததும் சொல்லிவிடுவாள் என்று அவள் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் இருவரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே இடத்தில் நிற்கிறார்கள். மலைப்பு குறையவில்லை. கூடத்தான் செய்தது.

குருவம்மா தூண் பக்கம் திரும்பினாள். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தரையில் மூன்று மொச்சையை முக்கோணமாக வைத்து, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்தாள். உள்ளே என்னவோ ஒளிந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாவாடை நுனி அசைந்தது. முகம் வந்தது. பிறகு முழுப் பிள்ளையும் வந்து கூடைக்குப் பக்கத்தில் குந்தியது.

"எண்ண வேண்டாம். சும்மா பாரு. பார்த்ததைச் சொல்லு."

கூடையைத் தூக்கினாள். கண் மூடித் திறப்பதற்குள் திரும்பக் கவிழ்த்தாள்.

செங்கமலம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "அடுப்பு" என்றாள்.

காத்தாயிக்கு முகம் சுருங்கியது. எண்ணைக் கேட்டால் அடுப்பு என்கிறதே என்று பட்டது. அப்புறம்தான் மூலையில் கஞ்சி காய்ச்சுகிற மூன்று கல்லும் அவள் கண்ணில் பட்டது.

குருவம்மா கூடைக்குள் கையை விட்டு மாற்றி வைத்தாள். தூக்கினாள், கவிழ்த்தாள்.

"கட்டிலு. நாலு காலு" என்றது பிள்ளை. வாய் தவறி ஓர் எண் வந்துவிட்டதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டது.

அடுத்தது இரண்டு. அது மாட்டுச் சோடி. அதற்கடுத்தது, நாலு மூலைக்கு நாலும் நடுவில் ஒன்றும்.

"கட்டிலிலே பாப்பா படுத்திருக்கு."

"பார்த்தது போலவே செய்து காட்டு" என்றாள் குருவம்மா. பிள்ளை முறத்திலிருந்து மொச்சையை அள்ளி, நாலு கால் வைத்தது, நடுவில் ஒன்றைப் படுக்க வைத்தது. நடு மொச்சை உருண்டது. அதைப் பிடித்துத் தட்டிக்கொடுத்து, தூங்கு என்றது.

குருவம்மா சிரிக்கவில்லை. இந்தத் தடவை மூன்று மொச்சையை வரிசையாக, கோடு போட்ட மாதிரி வைத்தாள். தூக்கிக் கவிழ்த்தாள். அது அடுப்பு மாதிரி இல்லை.

பிள்ளை நெற்றியைச் சுருக்கியது.

"அடுப்புதான். யாரோ கலைச்சுட்டாங்க."

குருவம்மா கூடையை ஒதுக்கி வைத்தாள். கண்ணை மூடிக்கொள் என்று பிள்ளையிடம் சொன்னாள். பிள்ளை மூடிக்கொண்டது. குருவம்மா கையைத் தட்டினாள். தட், தட், தட். சத்தம் மண்டபத்துக் கல்லில் பட்டு அடங்கியது.

"என்ன?"

"அடுப்பு" என்றது பிள்ளை, கண்ணைத் திறக்காமலே.

காத்தாயி மூலையில் இருந்த அடுப்புக்கல்லைத் திரும்பிப் பார்த்தாள். சத்தத்துக்கு ஏது கல்? கையில் பிடிக்க முடியாத, கண்ணில் பார்க்க முடியாத ஒன்றில் இந்தப் பிள்ளை அடுப்பைப் பார்த்துவிட்டது. கல்லிலும் மொச்சையிலும் சத்தத்திலும் ஒரே ஆள்தான் வந்து உட்கார்ந்திருக்கிறான். அந்த ஆளை இவள் பெற்ற பிள்ளை, எந்த வேஷத்தில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்கிறது.

அந்த நேரத்தில்தான் வீராயி வந்தாள். மடியில் எதையோ கட்டிக்கொண்டு, குடத்தைச் சுமக்கிறவள் மாதிரி மெல்ல நடந்து வந்தாள்.

"என்ன குருவம்மா, என் மருமக ரெண்டை விட்டு எறங்கினாளா, இன்னும் அங்கேயே குந்திக்கிட்டு இருக்காளா?"

குருவம்மா அவளை உட்காரச் சொன்னாள். மடியில் என்ன என்று கேட்டாள். பிள்ளை வழியில் அழுதால் கொடுக்கலாம் என்று வாத்து முட்டை அவித்துக் கொண்டுவந்திருக்கிறேன் என்றாள் வீராயி. வழியில் என்றால், பிள்ளை கிளம்பிவிட்டது என்றே அண்ணி முடிவு பண்ணிவிட்டாள்.

"மடியைக் கொஞ்சம் திறந்து மூடுங்கக்கா" என்றாள் குருவம்மா.

வீராயி திறந்து மூடினாள். முட்டை ஒன்றன்மேல் ஒன்றாக, கட்டிலாகவும் இல்லாமல் அடுப்பாகவும் இல்லாமல் கிடந்தது.

செங்கமலம் மூடின மடியையே பார்த்துக்கொண்டிருந்தது. வீராயி உதட்டைப் பிதுக்கினாள். காத்தாயி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், திரும்பச் சுற்றினாள்.

"அடுப்பு" என்றது பிள்ளை. பிறகு, "பக்கத்துலே மாட்டுச் சோடி."

"முட்டையைக் கேட்டா அடுப்புங்கறா, மாடுங்கறா. இதுக்குத்தான் சொல்றேன்..." என்று ஆரம்பித்த வீராயி, பிள்ளை போன பக்கம் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

பிள்ளை எழுந்து போய், தான் தரையில் செய்து வைத்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. கட்டிலைப் பார்த்தது. அத்தையின் மடியைப் பார்த்தது. கட்டிலின் இரண்டு காலை எடுத்து ஓரமாக, ஒரு சோடியாக நிறுத்தியது. மிச்சமிருந்த மூன்றை நெருக்கி அடுப்பாக்கியது. பிறகு எல்லாவற்றையும் கலைத்துத் திரும்பக் கட்டிலாக்கி, பாப்பாவைப் படுக்க வைத்தது. அதன் கண் பெரிதாகிக்கொண்டே போனது.

"அத்தை, உங்க மடியிலேயும் கட்டிலும் பாப்பாவும் இருக்கு."

வீராயி மடியைத் திறந்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு தரையில் இருந்த மொச்சையை எண்ணினாள். இரண்டும் ஐந்து. திரும்ப ஒரு தடவை எண்ணினாள்.

குளத்தில் ஒரு மீன் துள்ளிய சத்தம் கேட்டது.

குருவம்மா பிள்ளையின் கையைப் பிடித்து விரித்தாள். நாலு விரலைத் தடவி, கட்டில் என்றாள். கட்டைவிரலைத் தடவி, பாப்பா என்றாள்.

"கட்டில், பாப்பா, அடுப்பு, மாட்டுச் சோடி. எப்படி உடைச்சாலும் சேர்ந்தா அதுக்கு ஒரு பேரு இருக்கு. அஞ்சு."

"அஞ்சு" என்றது பிள்ளை. தன் கையையே, புதிதாக யாரோ கொண்டுவந்து மாட்டின கை மாதிரி பார்த்தது. மூடியது, விரித்தது. "அஞ்சு."

வீராயி ஒரு முட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். குரல் முன்னைப் போல இல்லை. "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு, நேத்து ஏண்டி ரெண்டுலேயே குந்திக்கிட்டே?"

பிள்ளை முட்டையின் ஓட்டைத் தரையில் தட்ட ஆரம்பித்துவிட்டது.

குருவம்மா உரித்த மொச்சையை முறத்தோடு காத்தாயி பக்கம் தள்ளினாள். உள்ளே போய் ஒரு படியை எடுத்து வந்து வைத்தாள்.

"இதை அளங்கக்கா."

காத்தாயி அள்ளி நிரப்பப் போனாள்.

"நெல் அறையிலே எப்படி அளப்பீங்களோ அப்படி."

காத்தாயியின் முகம் சிவந்துவிட்டது. நெல் அறையில் அவள் கதவைச் சாத்திக்கொண்டுதான் அளப்பாள். அவள் வாய்விட்டுச் சொல்கிற ஒரே இடம் அது. இடுப்பில் இருந்த நாள் முதல் கூடவே வருகிற செங்கமலத்தைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. இங்கே அண்ணி உட்கார்ந்திருக்கிறாள். அண்ணியின் வாய்க்கு அகப்பட்டால் அறுவடை முடிகிற வரை ஊர் சிரிக்கும்.

குருவம்மா காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

காத்தாயி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, முதல் கையள்ளலைப் படியில் போட்டாள்.

"லாபம்" என்றாள். காற்று மாதிரி வந்தது. இரண்டாவது கை போட்டாள். "லாபம்." மூன்றாவது கைக்குக் குரல் கொஞ்சம் எழுந்தது. கை எழுந்தால் குரலும் எழுகிற பழக்கம் அதற்கு. "லாபம்... லாபமே... லாபம்..." என்று பாட்டு மாதிரி இழுத்து, படி கூம்பு கட்டி, ஒரு மொச்சை உருண்டு கீழே விழுகிற வரைக்கும் அந்தச் சொல்லை அவள் விடவில்லை. படி நிறைகிற வரை நாக்கு எண்ணை விடக் கூடாது, விட்டால் கணக்கு வழுக்கிவிடும் என்று அவளுக்கு அளக்கச் சொல்லிக் கொடுத்த அப்பா சொல்வார்.

கொட்டிவிட்டு, அடுத்த படியை ஆரம்பித்தாள். "ரெண்டு... ரெண்டு..."

"ரெண்டு... ரெண்டே... ரெண்டு" என்று இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. செங்கமலம். வாய் நிறைய முட்டை. கண் எங்கோ இருந்தது. கை மட்டும் தானாக எழுந்து, காற்றை அள்ளி அள்ளி, கண்ணுக்குத் தெரியாத ஒரு படியில் போட்டுக்கொண்டிருந்தது.

காத்தாயியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

விரல் கொட்டையைத் தாண்டித் தரைக்குப் போனது அவளுக்கு நினைவு வந்தது. பிள்ளை கொட்டையை எண்ணவில்லை. அளந்துகொண்டிருந்தது.

"நேத்து அவ தப்பாச் சொல்லலை" என்றாள் குருவம்மா. "படி நிறையலை. அதான் ரெண்டுலேயே இருந்தா."

வீராயி வாயில் விரலை வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, புடவையை உதறிக் கட்டிக்கொண்டாள். வாத்துக்கு முன்னால் நடக்க வேறு ஒரு காலைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இதைக் கூட்டிக்கொண்டு போனால் வாத்தையெல்லாம் படியில் போட்டு அளந்துவிடும் என்றாள். அதைச் சொல்லும்போது காத்தாயியின் தலையில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். அந்த அழுத்தில் எல்லாம் இருந்தது.

மிச்ச முட்டையைக் கூடையில் வைத்தாள். வாத்து வயலில் இறங்கியிருக்கிறது, ஒரு தடவை காட்டிக் கூட்டி வந்து விடுகிறேன் என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். காத்தாயி இந்தத் தடவை பயப்படவில்லை. இருவரும் கரையோடு போனார்கள். பிள்ளை எதிரே கண்டதையெல்லாம் காட்டிக்கொண்டே போனது. இரட்டைப் பனையைக் காட்டி மாட்டுச் சோடி என்றது. படித்துறையில் குந்தியிருந்த மூன்று பெண்களைக் காட்டி அடுப்பு என்றது. வீராயியின் சிரிப்பு தண்ணீர் மேல் திரும்பி வந்தது.

மண்டபம் அமைதியானது. காத்தாயி மொச்சையைப் பானைக்குள் கொட்டினாள். முறத்தைத் தட்டி வைத்தாள். திரும்ப உட்கார்ந்தாள். சொல்ல வேண்டிய நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்விதான் வந்தது.

"குருவம்மா."

"சொல்லுங்கக்கா."

"நாலுக்கு மேலே போனா உடைச்சு உடைச்சுத்தான் பார்க்க வேண்டியிருக்கு. உடைக்காம, எல்லாத்தையும் முழுசா, ஒரே பார்வையிலே பார்க்கிற கண்ணுன்னு ஒண்ணு எங்கேயாவது இருக்குங்களா?"

குருவம்மா முறத்தைப் பார்த்தாள். பிரம்பு இடுக்கில் ஒரே ஒரு மொச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் காத்தாயியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை உடைக்க வேண்டியதில்லையே. ரெண்டை ரெண்டுன்னு சொல்றீங்க, மூணை மூணுன்னு சொல்றீங்க. முதல் படியை மட்டும் ஏன்க்கா ஒண்ணுன்னு எண்ண மாட்டேங்கறீங்க?"

காத்தாயி உள்ளங்கையைப் பார்த்தாள். கேட்கப்படாமலே தெரிந்திருந்த விஷயம்தான். வாயால் சொன்னதில்லை.

"ஒண்ணுன்னு சொல்லிட்டா அது வெறும் ஒண்ணாப் போயிடும்னு அப்பா சொல்லுவாருங்க. கையிலே இருக்கிறது ஒண்ணே ஒண்ணுன்னாலும், அதுவே நமக்கு..."

"அம்மா" என்று குளத்தங்கரையிலிருந்து செங்கமலம் கூப்பிட்டாள்.

காத்தாயி அந்த ஒரு மொச்சையைக் கைக்குள் மூடிக்கொண்டு, லாபம் என்று முணுமுணுத்தபடி எழுந்தாள்.